வியாழன், ஏழு மணி

செவ்வாய் மூன்று மணிக்குள் வந்து சேர வேண்டும்
ஊர்ச் செய்தித்தாளுக்கான அறிவிப்புகள் எல்லாம்.
சேராது.
புதன் காலைவரை கதவிடுக்கில்
சீட்டு விழுந்துகொண்டே இருக்கும்:
தீவன ரசீதின் முதுகில் ஒன்று,
முட்டை அட்டையைக் கிழித்து ஒன்று.

மொன்டானாவின் கிழக்கோரம் எங்கள் கவுண்டி.
நாலாயிரம் சதுர மைல்,
ஆயிரத்துச் சொச்சம் தலைகள்.
மாடுகளையும் சேர்த்தால்தான் நாங்கள் கூட்டம்.

நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி,
சனி பத்து மணி, தீயணைப்புக் கொட்டகை.
அதே கொட்டகையில் ஒன்பதுவரை பான்கேக் விருந்து.
போன வருஷம் இரண்டையும்
ஒரே நேரத்துக்கு அடித்துவிட்டேன்.
நாய்கள் யாரும் புகார் செய்யவில்லை.

ரத்த தான வண்டி பாலம் தாண்டி வராது,
எடை தாங்காது;
ரத்தம் உள்ளவர்கள் இக்கரைக்கு வரவும்.
சாலை வாரியக் கூட்டம்
அந்தப் பாலத்தைப் பற்றியேதான்.
பதினோராம் முறை. காபி உண்டு.

இவற்றின் நடுவே, பென்சிலில்:
வியாழன் 7 மணி. விவசாயிகள் சங்க மண்டபம்.
ஆடத் தெரியாதவர்களுக்கு நடனம்.
ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை.
ஏழின் இடுப்பில் மட்டும் ஒரு குறுக்குக் கோடு,
படலுக்குத் தாழ் போட்டதுபோல.

பெயரில்லாததைப் போடக் கூடாதென்று விதி.
விதியை எழுதியவள் நான்.
போட்டேன்.

வியாழன் முழங்கால் சேறு.
பதினேழு பேர் வந்திருந்தார்கள்.
ஒன்றும் வேண்டாம் என்றிருந்ததால்
ஆறு பேர் கையில் ஆப்பிள் பை.
யார் கூப்பிட்டது என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.
நாற்காலிகள் ஏற்கெனவே சுவரோரம்.
கணப்பு ஏற்கெனவே சூடு.
ஏழு இருபது.
ஏழு முப்பது.

கிளீட்டா பிராண்ட்வோல்ட் எழுந்துபோய்
பிக்கப்பை வாசலோடு ஒட்டி நிறுத்தி
இரு கதவையும் திறந்து
ரேடியோவை முழுசாகத் திருகினாள்.
முதலில் கோதுமை விலை.
நின்று கேட்டோம். இறங்கியிருந்தது.
அப்புறம் ஒரு வால்ட்ஸ்.

பூட்ஸோடு ஆடினால் எப்படி இருக்குமோ
அப்படி இருந்தது.
சாலை வாரியத் தலைவரும்
அவர்மேல் வழக்குப் போட்ட லவோன் ஹாஃப்லாண்டும்
பாலம் என்ற சொல்லே இல்லாமல்
மூன்று சுற்று வந்தார்கள்.
யார் காலை யார் மிதித்தது என்பதை
நான் அச்சிடப் போவதில்லை.

ஓரின் ட்வெட் ஆடவில்லை.
முப்பத்தொரு மைல் ஓட்டி வந்தவர்,
கடை மடிப்புக் கலையாத சட்டையில்
விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார்.
"பேப்பரில் பார்த்தேன்" என்றார்
யாரும் கேட்காதபோது, இரண்டு தடவை.
பிறகு ஒரு துண்டு பை தின்றார், நின்றபடியே.

புறப்படும்போது வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
காப்பீட்டுக்காரருக்காக
வந்த நேரத்தோடு எழுத வேண்டும்.
முதல் வரி: ஓ. ட்வெட், 6:17.
ஏழின் இடுப்பில்
ஒரு குறுக்குக் கோடு.

பதினெட்டாவதாக என் பெயரை எழுதி
மூடி வைத்தேன்.

இந்த வாரம் சீட்டு வரவில்லை.
செவ்வாய் மூன்று போயிற்று.
புதன் காலை கதவிடுக்கில் வந்தது
வைக்கோல் ஏலம், காணாமல் போன பூனை,
பதினெட்டு மைல் தள்ளிக் கிடைத்த
அதே பூனை.

நானே அடித்தேன்:
வியாழன் 7 மணி. மறுபடியும்.
அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் எழுத்துருவில்
ஏழு வெறும் ஏழுதான்.
அச்சுக்குப் போகும் தாளில்
கறுப்புப் பேனாவால், அளவுகோல் வைக்காமல்,
ஒரு கோடு இழுத்தேன்.

அறுநூற்று நாற்பது பிரதி.
ஏழில் என்னவோ பிசிறு விழுந்திருக்கிறதென்று
இதுவரை மூன்று பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.
மூவரில் ஓரின் இல்லை.